அனுமதி இல்லாமல் கட்டிய வீடு: செட்டிநாட்டு வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கட்டட வரைபடம் போட்டு, அனுமதிக்கு விண்ணப்பித்துத் தரும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பெரும்பாலும் இந்தச் சில கேள்விகளோடுதான் என்னிடம் வருகிறார்கள். வாயால் பதில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது என்பதால், அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

“ஐயா காலத்து வீடு. பெட்டகத்தைக் குடைந்தாலும் பிளான் என்று ஒன்று கிடைக்கவில்லை. அப்படியானால் இது அனுமதியில்லாத வீடா?”

பிளான் இல்லை என்பதால் மட்டும் அப்படி ஆகிவிடாது. இங்குள்ள பெரிய வீடுகளில் மிகப் பல பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடையில் எழுந்தவை. இன்று நாம் திட்ட அனுமதி என்று சொல்வது 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. நகராட்சி எல்லைக்குள் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டப்படி அதற்கு முன்பே கட்டட அனுமதி வாங்கவேண்டியிருந்தது. ஆனால் சிற்றூர்களில் அந்தக் காலத்து வீட்டுக்குப் பிளான் இல்லாதிருப்பது இயல்புதான்.

ஆகவே முதலில் வீட்டை ஒரே கட்டடமாகப் பார்க்காமல், எந்தப் பகுதி எப்போது கட்டியது என்று பிரித்துப் பாருங்கள். முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் அறைகளும் உள்ள பகுதி), இரண்டாங்கட்டு ஆகியவை ஐயா, அதாவது தாத்தா, கட்டியவையாக இருக்கும். பின்கட்டில் ஒட்டிய குளியலறை, மாடியில் எழுப்பிய அறை, சந்துப்பக்கம் நீட்டிய கார் கொட்டகை ஆகியவை அப்பச்சியோ (தகப்பனாரோ) நீங்களோ செய்தவை. வில்லங்கம் அநேகமாக இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. முன்னதன் வயதைக் காட்டப் பழைய பாகப்பிரிவினைப் பத்திரமும் பழைய வரி ரசீதுகளும் உதவும். முகப்பில் சுதையில் பொறித்த ஆண்டு நமக்குப் பெருமை தரலாம், அலுவலகம் காகிதத்தைத்தான் கேட்கும்.

“நாற்பது வருஷமாக வீட்டு வரி கட்டுகிறோம், கரண்டு கனெக்‌ஷனும் இருக்கிறது. வேண்டாம் என்றால் வரியை ஏன் வாங்கினார்கள்?”

நியாயமாகத் தோன்றும் கேள்விதான், ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கட்டடம் நிற்கிறது, அதில் ஆள் இருக்கிறது என்பதற்காக வரி விதிக்கிறார்கள். அனுமதியில்லாத கட்டடத்துக்கும் வரி விதிப்பார்கள். வரி ரசீதாலோ மின் இணைப்பாலோ கட்டடம் முறைப்படுத்தப்பட்டதாக ஆகிவிடாது.

அதற்காக அந்த ரசீதுகளை அலட்சியமாகப் போட்டுவிடாதீர்கள். கட்டடம் இன்ன ஆண்டில் இருந்தது என்று காட்ட அவற்றைப் போன்ற ஆதாரம் வேறு எளிதில் கிடைக்காது. ஏன் அந்தத் தேதி முக்கியம் என்பதை முறைப்படுத்துதல் (ரெகுலரைஸ்) பற்றிய பதிலில் பாருங்கள்.

“எந்த ஆபீசுக்குப் போகவேண்டும்? ஒருவர் பஞ்சாயத்து என்கிறார், ஒருவர் சிவகங்கை என்கிறார்.”

வீடு எந்த உள்ளாட்சியில் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கவேண்டும். காரைக்குடி 2024இல் மாநகராட்சியாயிற்று. கோட்டையூரும் கண்டனூரும் அதில் சேர்ந்துவிட்டன. தேவகோட்டை நகராட்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் ஆகியவை பேரூராட்சிகள். ஆத்தங்குடி போன்றவை கிராம ஊராட்சிகள். ராயவரம், கடியாபட்டிப் பக்கத்து வீடு என்றால் மாவட்டமே புதுக்கோட்டை. உள்ளாட்சியின் அதிகார வரம்பை மீறிய கட்டடமானால் கோப்பு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போகும். விண்ணப்பம் இப்போது ஒற்றைச் சாளர இணையதளம் வழியாகவே போகிறது.

பழைய ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்டு முத்திரை குத்திய பிளானைப் பலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவருக்கு இருந்த வரம்புக்குள் அடங்கிய சிறு வீடானால் அது செல்லும். வரம்பை மீறிய கட்டடத்துக்கும் மனைப்பிரிவுக்கும் போட்ட கையெழுத்து செல்லாது. அதை நம்பி வாங்கியவர்களுக்கு இதைச் சொல்வதுதான் என் வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி.

“பிளான் வாங்கித்தான் கட்டினோம். கட்டும்போது கொஞ்சம் மாறிவிட்டது. ஃபைனல் சான்றிதழ் எதுவும் வாங்கவில்லை.”

இங்கே இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. நிறைவுச் சான்று எல்லா வீட்டுக்கும் கட்டாயமில்லை. 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலேயே உயரமும் பரப்பும் குறைந்த சிறு குடியிருப்புகளுக்கு விலக்கு இருந்தது. பிறகு அந்த வரம்பு இன்னும் தளர்ந்தது. பரப்பு 750 சதுர மீட்டரைத் தாண்டாத தனி வீடு பெரும்பாலும் அந்த விலக்கில் அடங்கும். ஆனால் நம்முடைய வளவு வீடுகள் இந்த அளவை எளிதில் தாண்டும் என்பதை மறக்கவேண்டாம். அறுபதடி அகலமும் நூற்றறுபதடி நீளமும் உள்ள வீட்டின் தரைப்பரப்பே ஏறத்தாழ 890 சதுர மீட்டர்.

பிளானில் இருப்பது ஒன்று, நிற்பது வேறு என்பது தனிச் சிக்கல். நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு இருந்தாலும் இது தீராது. அறைக்குள் சுவரை நகர்த்தியது பெரிதல்ல. பக்கத்து இடைவெளியை அடைத்ததும், காட்டாத மாடியை எழுப்பியதும்தான் விதிமீறல். இப்போது இருக்கிறபடி அளந்து, பழைய பிளானின் மேல் வைத்துப் பார்த்தால் எது எந்த வகை என்று தெரிந்துவிடும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே நிரந்தர மின், குடிநீர் இணைப்பும் வங்கிக் கடனும் தரவேண்டும் என்று சொன்னதிலிருந்து, இதை எல்லோரும் முன்னைவிடக் கவனமாகக் கேட்கிறார்கள்.

“வளவுக்கு மேல் ஷீட் போட்டிருக்கிறோம், பழைய ஓட்டை மாற்றினோம். இதற்கெல்லாமா அனுமதி?”

ஓடு மாற்றுவது, பூச்சு, வெள்ளையடிப்பு, ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து மறுபடி பதிப்பது போன்ற பராமரிப்புக்கு அனுமதி கேட்கவேண்டியதில்லை. புதிதாகச் சுவர் எழுப்புவதற்கும், கூரையிட்ட பரப்பைக் கூட்டுவதற்கும், தாங்கும் சுவரையோ தூணையோ எடுப்பதற்கும் கேட்கவேண்டும்.

வளவுக்கு மேல் ஷீட் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. குரங்குத் தொல்லைக்குக் கம்பி வலை அடித்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நிரந்தரமாக இரும்புச் சட்டம் அடித்து மூடினால், திறந்தவெளியாக இருந்த இடம் கூரைப் பரப்பாகக் கணக்கில் ஏறலாம். போன மழைக்காலத்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். நான்கு தாழ்வாரத்திலிருந்தும் வளவில் விழுந்து, கல் தூம்பு வழியே தெருக்கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், ஷீட் போட்ட பிறகு ஒரே பக்கமாக வழிந்து பங்காளி வீட்டுச் சுவரில் இறங்கியிருந்தது. சுண்ணாம்புச் சாந்து ஊறி, முழங்கை உயரத்துக்குப் பூச்சு உப்பிப் போயிருந்தது. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. பங்காளி புகார் கொடுத்த பிறகுதான், அந்த ஷீட்டுக்கு அனுமதி உண்டா என்ற கேள்வியே எழுந்தது.

மாடி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பர்மாத் தேக்கு விட்டத்தின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் ஒட்டின் மேல், கான்கிரீட் அறை எழுப்பாதீர்கள். அந்தத் தளம் அந்தச் சுமைக்காகப் போட்டதல்ல. ஏற்கெனவே எழுப்பியிருந்தால், அனுமதியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்து விட்டத்தின் முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சுவருக்குள் இருக்கும் முனையில்தான் கரையான் தொடங்கும்.

“ரெகுலரைஸ் பண்ண அரசாங்கம் அவ்வப்போது திட்டம் போடுகிறதே, அதுவரை காத்திருக்கலாமா?”

காத்திருக்கவேண்டாம் என்பது என் கருத்து. இதுவரை நடந்ததைப் பாருங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு விலக்கு தந்தார்கள். 2000இல் உச்ச நீதிமன்றம் அதை ஒரே தடவைக்கான ஏற்பாடு என்ற அளவில் ஏற்றது. பிறகு தேதியைத் தள்ளித் தள்ளி நீட்டியதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் செல்லாது என்றது. அடுத்து வந்த 113சி பிரிவின் எல்லை 2007 ஜூலை 1. அதற்கான விதிமுறைகள் வெளிவந்ததோ 2017இல். இன்னொரு திட்டம் வரலாம். வந்தாலும் அது குறிக்கும் தேதி உங்கள் கட்டடத்துக்கு முன்னாலா பின்னாலா என்று இன்று யாரும் சொல்ல முடியாது. பழைய வரி ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள் என்றது இதற்காகத்தான்.

திட்டம் இல்லாத காலத்திலும் ஒரு வழி இருக்கிறது. கட்டியது இன்றைய விதிகளுக்குள் அடங்குமானால், அதை இடிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். இங்கே நமக்கு ஒரு சாதகம் உண்டு. சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு இப்போது 2, அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம். நம் வீடுகள் பெரும்பாலும் ஒரு தளமும் அரைகுறை மாடியும்தான், ஆகவே பரப்பில் இடிக்காது. இடிப்பது எல்லை இடைவெளியில். இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை நீண்ட வீட்டில், பின்வாசல் சந்தை ஒட்டிக் கட்டிய கழிப்பறைக்கு இடைவெளி எங்கிருந்து வரும்? அந்த நான்கடியை இடித்துவிட்டு மீதிக்கு அனுமதி வாங்குவது பல வீடுகளில் முடியும். முழுவதையும் காப்பாற்றப் பார்த்து எதையும் முடிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

“பிளாட்டை ரெகுலரைஸ் பண்ணியாச்சு. அப்போது வீடும் சேர்ந்துதானே?”

இல்லை. 2017 மே மாதம் வந்த விதிகள் மனைக்கும் மனைப்பிரிவுக்கும் உரியவை. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளைப் பற்றியவை அவை. கழனிவாசல் பக்கமும் மற்ற புறநகர்ப் பகுதிகளிலும் மனை வாங்கியவர்களிடம் இருக்கும் உத்தரவு இதுதான். அந்த உத்தரவு இருந்தால் கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்றுதான் பொருள். ஏற்கெனவே கட்டியதற்கு அது அனுமதி ஆகாது.

“எங்கள் இடம் நத்தம். நத்தத்துக்கு அனுமதி வேண்டாம் என்கிறார்களே?”

நத்தம் என்பது ஊர் மக்கள் குடியிருக்க ஒதுக்கிய நிலம். அது மனை அங்கீகாரத்துக்கான கேள்விக்குப் பதிலாகலாம், கட்டட அனுமதியிலிருந்து விலக்கு ஆகாது. உங்கள் கையில் இருப்பது தோராயப் பட்டாவா (தற்காலிகமானது) தூய பட்டாவா (இறுதியானது) என்று பாருங்கள். முன்னதாக இருந்தால், விண்ணப்பத்துக்கு முன் தாலுகா அலுவலகத்தில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

“எட்டுப் புள்ளிக்குப் பங்குள்ள வீடு. என் இரட்டை வீட்டுக்குப் பின்னால் நான் கட்டிய பாத்ரூமுக்கு எல்லோரும் கையெழுத்துப் போடவேண்டுமா?”

வீடு பொதுவில் இருக்கிறவரை, ஆமாம். புள்ளி என்பது கல்யாணமாகித் தனிக் கணக்காக வரும் குடும்பம்; இரட்டை வீடு என்பது அந்தக் குடும்பத்துக்கென்று வளவை ஒட்டி ஒதுக்கிய அறைகள். எனக்கு வரும் கோப்புகளில் பாதி நிற்பது இங்கேதான். நம் வழக்கத்தில் இன்ன இரட்டை வீடு இன்ன மகனுக்கு, வளவும் முகப்பும் எல்லோருக்கும் பொது என்பது தலைமுறைகளாக எல்லோருக்கும் தெரியும். அது அலுவலகத்துக்குத் தெரியாது. பட்டாவில் ஐயாவின் பெயரோ, அவரோடு பிறந்தவர்கள் அத்தனை பேரின் பெயரோ இருக்கும். விண்ணப்பிக்கிறவர் நிலத்தின் உரிமையாளர் என்று காட்டவேண்டும், கூட்டு உரிமையானால் மற்றவர்களின் இசைவைக் காட்டவேண்டும்.

வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பங்கு ஒப்பந்தம் பல வீடுகளில் இருக்கிறது. அசையாச் சொத்தைப் பிரிக்கும் பத்திரம் பதிவாகவேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. முன்பே வாய்மொழியாக நடந்துமுடிந்த பிரிவினையைப் பின்னால் குறித்துவைத்த தாளுக்கு நீதிமன்றத்தில் ஓரளவு மதிப்பு உண்டு, ஆனால் அதை வைத்துக்கொண்டு பட்டா மாற்றவோ பிளான் வாங்கவோ போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவு செய்த பாகப்பிரிவினையும் தனிப் பட்டாவும் இருந்தால் உங்கள் பங்குக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். பிரிக்கும்போது பொதுச் சுவர், பொது நடை, தண்ணீர்ப் போக்கு மூன்றையும் வரைபடத்தில் காட்டி இணைத்துவிடுங்கள். ஷீட் போட்ட வீட்டுக் கதை அப்போது வராது.

“சித்தப்பா மகன் மலேசியாவில் இருக்கிறார். வரமுடியாது, ஆட்சேபணையும் இல்லை. போனில் சொன்னால் போதாதா?”

போதாது. அவர் அங்கேயே இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிடவேண்டும். தபால் உறையை அப்படியே வைத்திருங்கள். வந்த தேதியை அதுதான் காட்டும். பத்திரத்தில் “சொத்தைப் பராமரிக்க” என்று மட்டும் இருந்தால் பயனில்லை. கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கவும், இசைவு தரவும், தேவையானால் பாகப்பிரிவினையில் கையெழுத்திடவும் என்று ஒவ்வொன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

“வீட்டை ஹெரிடேஜ் ஸ்டே ஆக்கலாம் என்று நினைக்கிறோம். சினிமா ஷூட்டிங்குக்கும் விடுகிறோம். சுவரைத் தொடவே இல்லையே, இதற்கு என்ன அனுமதி?”

எப்போதாவது நாள் வாடகைக்குப் படப்பிடிப்பு நடப்பது வேறு. நிரந்தரமாக அறைகளை விடுதியாக விட்டால் அது பயன்பாட்டு மாற்றம். சுவரைத் தொடாவிட்டாலும் அனுமதி வேண்டும். மின் இணைப்பை வீட்டு உபயோகத்திலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாற்றவேண்டும், வீட்டு வரியும் மாறும். அறைக்கு அறை குளியலறை இணைப்பதில்தான் பெரும்பாலோர் புதிய விதிமீறலைச் சேர்த்துக்கொள்கிறார்கள். குழாய் பதிக்கச் சுவரை வெட்டுவதற்கு முன் பிளான் போடுங்கள்.

“நூறு வருஷ வீடு, யுனெஸ்கோ பட்டியலில் வேறு இருக்கிறது. எங்களை யார் கேட்க முடியும்?”

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. உத்தேசப் பட்டியல் என்பது முன்மொழிவு. அது உங்கள் வீட்டுக்குச் சலுகையும் தராது, தடையும் போடாது. 2012ஆம் ஆண்டு மரபுரிமை ஆணையச் சட்டப்படி ஒரு கட்டடம் மரபுக் கட்டடமாக அறிவிக்கப்பட்டால் கட்டுப்பாடு கூடுமே தவிரக் குறையாது.

“விற்கப்போகிறோம். அனுமதி இல்லாததை வாங்குகிறவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டுமா?”

சொல்லிவிடுங்கள். எளிதில் கண்டுபிடிக்க முடியாத குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால் விற்பவர் அதைத் தெரிவிக்கவேண்டும் என்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. வில்லங்கச் சான்றில் இது வராது; அதில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். பத்திரப் பதிவு நடந்துவிடலாம், ஆனால் வாங்குகிறவர் வங்கிக் கடனுக்குப் போனால் மதிப்பீட்டாளர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவருவார். பிளானில் இல்லாத பகுதிக்கு மதிப்புப் போடமாட்டார், சில வங்கிகள் கடனையே மறுக்கும்.

வாங்குகிறவர் பக்கத்திலிருந்து இன்னொன்று. நிலைக்கதவையும் தூண்களையும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு விற்றுவிட்டு, அந்த இடத்தில் செங்கல் தூண் வைத்துப் பூசியிருக்கிறார்களா என்று தட்டிப் பாருங்கள். அது பிளான் சிக்கல் மட்டுமில்லை, உயிருக்கே ஆபத்து.

“நோட்டீஸ் வந்துவிட்டது. நாளைக்கே இடித்துவிடுவார்களா?”

நாளைக்கே முடியாது. 2024 நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசத்தோடு காரணம் சொல்லும் நோட்டீஸ் பதிவுத் தபாலில் வரவேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்கவேண்டும். சாலை, நீர்நிலை போன்ற பொது இடத்தில் உள்ள ஆக்கிரமிப்புக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஊருணிக் கரையை உள்ளே இழுத்துக் கட்டியவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

நோட்டீசில் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 57 என்றால் நடக்கும் வேலையை நிறுத்தச் சொல்வது; அன்றே நிறுத்திவிடுங்கள். 56 என்றால் கட்டியதை அகற்றச் சொல்வது. இதற்குப் பதிலாக, மேலே சொன்னபடி கட்டியதை அப்படியே வைத்துக்கொள்ளும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், 80ஏ பிரிவின் கீழ் அரசுக்கு மேல்முறையீடும் செய்யலாம். இந்தக் கட்டத்தில் என்னைப் போன்ற வரைபடக்காரரோடு வழக்கறிஞர் ஒருவரும் வேண்டும். யார் புகார் கொடுத்தார் என்று துப்புத் துலக்குவதில் முதல் வாரத்தைச் செலவழிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கெடு அதற்காக நிற்பதில்லை.

“புதுச் சுயசான்றுத் திட்டத்தில் உடனே அனுமதி கிடைக்கிறதாமே, அதில் போட்டுவிடலாமா?”

2024 ஜூலையில் தொடங்கிய அந்தத் திட்டம், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் புதிதாகக் கட்டப்போகும் வீட்டுக்கானது. நின்றுகொண்டிருக்கும் வீட்டைக் காலி மனை என்று காட்டி இதில் விண்ணப்பித்தால், பொய்ச் சான்று கொடுத்த குற்றமும் சேரும். அப்படி வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

“ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டுக்குப் பிளான் இருக்கிறதா?”

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி இப்படித்தான் கேட்டார்கள், அன்றைக்குப் பதில் சொல்ல முடியாமல் எழுந்து வந்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அப்பா 1992இல் ஒரு சமையல் கொட்டகை போட்டிருந்தார். அதற்குக் காகிதம் எதுவும் கிடையாது. அந்த வாரமே டேப் பிடித்து அளந்ததில், கொட்டகைச் சுவர் சந்துக்குள் பதினான்கு அங்குலம் போயிருந்தது. இருபது ஆண்டுகளாக அந்தச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவைத்தவன் நான்.

சுவரை இடித்து எங்கள் எல்லைக்குள் தள்ளிக் கட்டினோம். கொட்டகை சுருங்கி, கிரைண்டர் நடைக்கு வந்துவிட்டது. விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. ஒருமுறை அத்தையின் வாரிசுச் சான்று இல்லை என்று. அது என் தவறு. இன்னொரு முறை வடக்குக் குறியை வரைபடத்தில் தலைகீழாகப் போட்டதற்காக. அதுவும் என் தவறுதான். மூன்றாம் முறை அனுமதி வந்தது. ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டு, “அந்தச் சந்துக் கல்லை எடுத்தாச்சா?” என்று மட்டும் கேட்டார்கள். எடுத்தாயிற்று என்றேன்.